மலைக்கோட்டைக்கு நீர் தந்த பாறை

சேலத்திலிருந்து உளுந்தூர்ப்பேட்டைக்குச் செல்லும் பெருவழியில், கள்ளக்குறிச்சியைத் தாண்டிக் கிழக்கே சிறிது தூரம் வந்ததும், நெல்லும் கரும்பும் மரவள்ளியும் விளையும் சமவெளியின் நடுவே கருங்கற் குன்றொன்று தனித்து எழுந்து நிற்பதையும், அதன்மேல் பழைய கோட்டையின் மதில்கள் சிதைந்து கிடப்பதையும் காணலாம். அதுதான் தியாகதுருகம். மேற்கே கல்வராயன் மலைத்தொடரும் அதன் தென்புறத்தில் ஆத்தூர்க் கணவாயும் அமைந்திருக்க, அந்தக் கணவாய் வழியாகச் சேலம் சீமையிலிருந்து கடற்கரை நோக்கி இறங்கும் படை எதுவானாலும் இந்தக் குன்றின் கண்ணில் படாமல் போக முடியாது என்ற காரணத்தினால், 18-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் மைசூராரும் இதன்பொருட்டு மாறி மாறிப் போரிட்டார்கள். 1760-இல் பிரெஞ்சுத் தளபதி லாலி, ஹைதர் அலியின் படையுதவியைப் பெறுவதற்கு விலையாக இக்கோட்டையை அவரிடம் ஒப்படைத்தார். 1761-இன் தொடக்கத்தில், 65 நாள் முற்றுகைக்குப் பிறகு, இது ஆங்கிலேயரின் மேஜர் பிரெஸ்டனிடம் பணிந்தது. 1790-இல் திப்பு சுல்தான் வந்து தாக்கியபோது, வந்தவாசியைக் காத்துப் பெயர் பெற்ற காப்டன் பிளின்ட் இங்கே அவரைத் தடுத்து நிறுத்தினார்.

இவ்வளவு சரித்திரத்தையும் கேட்டுக்கொண்டு மேலே ஏறுகிறவருக்கு, மூச்சு வாங்க ஓரிடத்தில் நின்றதுமே எழுகின்ற கேள்வி, அரசர்களைப் பற்றியதோ பீரங்கிகளைப் பற்றியதோ அன்று, தண்ணீரைப் பற்றியது. அடிவாரத்து வயல்களில் ஆழ்துளைக் கிணறு போடுகிறவர்கள் நூற்றுக்கணக்கான அடி ஆழம் துளைத்தும் சில இடங்களில் வெறுங்கையோடு திரும்புகிறார்கள். அப்படியிருக்க, சுற்றிலும் சமவெளி தாழ்ந்து கிடக்க உயர்ந்து நிற்கும் இத்தகைய மொட்டைப் பாறைகளின்மேல், நூறு இருநூறு சிப்பாய்கள் மாதக்கணக்கில் குடித்தும் வற்றாத நீர் எங்கிருந்து கிடைத்தது? மலைமேல் சுனை இருப்பது தெய்வச் செயல் என்று நம் மக்கள் சொல்லிவந்ததில் ஆழ்ந்த வியப்பு இருக்கிறது. அந்த வியப்பைச் சிறிதும் குறைக்காமல், அதன் காரணத்தை ஆராய்ந்து பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மலைக்கோட்டை என்றதும் நம் நினைவுக்கு வருவன ராஜபுத்திரர்களின் கோட்டைகள். சித்தூரும் கும்பல்கரும் தூரத்தில் இருந்தாலும், ராஜபுத்திரர் ஆண்ட மலைக்கோட்டை ஒன்று நம் பக்கத்திலேயே, தியாகதுருகத்துக்கு வடகிழக்கில், செஞ்சியில் இருக்கிறது. 1690 முதல் 1698 வரை நீண்ட முற்றுகைக்குப் பிறகு மராட்டியரிடமிருந்து மொகலாயப் படை அதைக் கைப்பற்றிய பின்னர், ஔரங்கசீப் அதன் கோட்டைத் தலைவராகப் புந்தேல்கண்டத்து ராஜபுத்திரரான ஸ்வரூப் சிங்கை நியமித்தார். அவருடைய மகன் தேஜ் சிங்தான் தமிழ்நாட்டுத் தெருக்கூத்திலும் கதைப்பாட்டிலும் இன்றளவும் வாழ்கின்ற ராஜா தேசிங்கு. 1714-இல் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானோடு போரிட்டு இளவயதில் மாண்ட அந்த வீரன், கோட்டைக்குள் இருந்து முற்றுகையைத் தாங்காமல் வெட்டவெளியில் இறங்கிப் போரிட்டான். தங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்பது சரித்திர ஆசிரியரின் வேலையன்று. ஆனால் அவன் விட்டு இறங்கிய ராஜகிரி, ஏறத்தாழ 800 அடி உயர்ந்து, உச்சியிலும் நீர் வைத்திருக்கும் குன்று என்பது நம் கேள்விக்கு மிகவும் வேண்டியதான விஷயம்.

வடக்கேயுள்ள ராஜபுத்திரக் கோட்டைகளில் நீர்ப் பிரச்சினைக்குக் கிடைத்த விடை வேறு விதமானது. சித்தூர்க் கோட்டை விந்தியப் படிவுப் பாறைகளாலான ஒரு நீண்ட மேசைமலையின்மேல் இருக்கிறது. அத்தகைய மலைகளில் மணற்கல் மேலேயும் களிப்பாறை கீழேயுமாகப் படிந்திருப்பதுண்டு. மணற்கல்லின் மணிகளுக்கு இடையே நுண்ணிய இடைவெளிகள் இருப்பதால் மழைநீர் அதற்குள் மெல்ல இறங்கி, நீரை விடாத களிப்பாறையை எட்டியதும் மேற்கொண்டு இறங்க வழியின்றிப் பக்கவாட்டில் ஒழுகி, சரிவில் ஊற்றாக வெளிப்படும். சித்தூரின் கோமுகக் குளத்தில் பாறையிலிருந்து ஒழுகி விழும் நீரைக் கண்டவர்கள் இதைப் பிரத்தியட்சமாகக் கண்டவர்களே. ஆம்பருக்கு மேலுள்ள ஜய்கட் கோட்டையிலோ, கடினமான ஆரவல்லிப் பாறையின்மேல் நெடுந்தூரம் கால்வாய்கள் வெட்டி, சுற்றுக் குன்றுகளில் விழும் மழையைப் பெருந்தொட்டிகளுக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள்.

நம்முடைய செஞ்சியும் தியாகதுருகமும் மணற்கல் அல்ல. கல்வராயன் மலையிலிருந்து செஞ்சி வரையிலான இந்தப் பிரதேசம் முழுவதும், கிரானைட், நைஸ், சார்னகைட் என்று புவியியலார் பிரித்துச் சொல்லும் மிகப் பழைய படிகப் பாறைகளாலானது. நாம் அவற்றை ஒன்றாகச் சேர்த்துக் கருங்கல் என்கிறோம். சார்னகைட் என்ற பெயரே நம் நாட்டோடு தொடர்புடையது: கல்கத்தாவில் ஜாப் சார்னக் என்ற ஆங்கிலேய வர்த்தகரின் கல்லறையில் பதித்த கல்லின் பெயரால், 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஹாலந்து என்ற புவியியலார் சென்னைப் பல்லாவரத்துப் பாறைக்கு அதைச் சூட்டினார். இந்தப் பாறைகளில் படிகங்கள் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டு வளர்ந்திருப்பதால், சேதமடையாத கல்லில் இடைவெளி என்பது நூற்றில் ஒரு பங்குகூட இராது. ஆகவே மணற்கல்லைப்போல் நீரைத் தன்னுள் வாங்கி வைத்துக்கொள்ளும் சக்தி இதற்கு இல்லை. நம் புதிர் இப்பொழுது இன்னும் கூர்மையாகிறது.

முதலில், நீரை உறிஞ்சாத குணமே இங்கே பெரிய உபகாரம் என்பதைக் கவனிக்க வேண்டும். மண் மூடிய நிலத்தில் விழும் மழையில் பெரும்பகுதியை மண்ணும் வேரும் குடித்துவிடுகின்றன. மொட்டைப் பாறையிலோ விழுந்த நீர் வழிந்தோடியே ஆக வேண்டும். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் கிடைப்பது சரியாக ஒரு லிட்டர். இந்தப் பக்கத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. பாதி வீணாகிறதென்று தாராளமாகக் கழித்துவிட்டாலும், பாறையின் ஒவ்வொரு சதுர மீட்டரும் ஆண்டுக்கு 500 லிட்டர் தருகிறது. நூறு பேர் ஆளுக்கு நாள்தோறும் நான்கு லிட்டர் குடித்துச் சமைத்து ஆறு மாதம் தாக்குப்பிடிக்க வேண்டுமானால் 72,000 லிட்டர் தேவை. அதைத் திரட்டித் தர, 12 மீட்டர் நீளமும் 12 மீட்டர் அகலமும் உள்ள பாறைத் தளம் போதும். அதாவது ஒரு சிறிய வீட்டுமனைக்கு மேற்படாத இடம். மேலே பரந்து கிடக்கும் பாறை முழுவதையும் பார்த்தால், நீர் வரத்துக்கு எவ்விதப் பஞ்சமும் இல்லை என்பது தெளிவாகும்.

வருகிற நீரைச் சேர்த்து வைப்பதுதான் உண்மையான கஷ்டம். 72,000 லிட்டரைக் கொள்ளும் குளத்தை இரண்டு விதமாக அமைக்கலாம் என்று வைத்துக்கொள்வோம். 12 மீட்டர் சதுரத்தில் அரை மீட்டர் ஆழமாகவும் அமைக்கலாம். 6 மீட்டர் சதுரத்தில் 2 மீட்டர் ஆழமாகவும் அமைக்கலாம். கொள்ளளவு இரண்டுக்கும் ஒன்றே. ஆனால் வெயில் குடிப்பது பரப்பைப் பொறுத்தது. தை தொடங்கி ஆடி வரையிலான மாதங்களில் திறந்த நீர்ப்பரப்பிலிருந்து நாளுக்குச் சராசரியாக ஐந்து மில்லிமீட்டர் ஆவியாகிறதென்று கொண்டால், முதற்குளம் ஒருவரும் ஒரு செம்பு மொள்ளாமலே நூறே நாளில் காய்ந்துவிடும். இரண்டாவது குளத்தில் ஆறு மாதம் கழித்தும் பாதிக்கு மேல் நீர் நிற்கும். அதையே மூன்று மீட்டர் ஆழமாகத் தோண்டிவிட்டால், வெயிலின் பங்கைக் கொடுத்த பிறகும் நூறு பேருக்கு வேண்டியது மிச்சமாகிவிடும். மலைக்கோட்டைகளின் குளங்கள் அகலத்தில் சிறுத்தும் ஆழத்தில் மிகுந்தும், இயன்றவரை பாறை நிழலில் ஒதுங்கியும் இருப்பதற்கு இதுவே காரணம். ஆவியாதல் என்ற பெயரில் எந்தக் கணக்கும் எழுதாதவர்கள், பல கோடைகளின் அனுபவத்தில் இதைத் தெரிந்துகொண்டிருந்தார்கள்.

பிரெஸ்டனின் 65 நாள் முற்றுகையையும் இந்த ஒளியில் பார்க்கலாம். அது வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து குளங்கள் நிறைந்திருக்கும் காலத்தில் நடந்தது. அந்தப் பருவத்தில் கோட்டையைப் பணிய வைத்தது தாகமாக இருக்க முடியாது, பசியாகவே இருந்திருக்க வேண்டும் என்பது என் அனுமானம்.

இவ்வளவும் வெட்டிய குளங்களைப் பற்றியது. சுனை வேறு. மழை பெய்து மாதக்கணக்கான பின்னும், ஒரு பாறையிடுக்கில் கை எட்டும் ஆழத்தில் குளிர்ந்த நீர் நிற்கிறது. மொண்டால் மறுநாள் மீண்டும் அதே அளவுக்கு ஏறிவிடுகிறது. கல் நீரை வாங்கி வைத்துக்கொள்வதில்லை என்று சற்றுமுன் சொன்னோம். அப்படியானால் இந்த நீர் எதற்குள் தங்கியிருந்து வருகிறது?

விடை, கல்லில் இல்லை. கல்லின் பிளவில் இருக்கிறது. மொட்டைப் பாறையின்மேல் நடக்கும்போது, சில இடங்களில் காலடி ஓசை திடீரென்று மாறுவதைக் கேட்கலாம். ஒரு கூழாங்கல்லால் தட்டிப் பார்த்தால், ஓரிடத்தில் கணீரென்று ஒலிக்கும் பாறை, இரண்டடி தள்ளிப் பொத்தென்று உள்ளீடற்ற ஒலி கொடுக்கும். அந்த இடத்தில், மேலே தெரியும் பாறை அடிப்பாறையோடு ஒட்டியில்லை. ஒரு சாண் அல்லது ஒரு முழத் தடிமனுள்ள தகடாகப் பிரிந்து, நூலளவு இடைவெளியுடன் அதன்மேல் படுத்திருக்கிறது. சரிவின் விளிம்புக்குப் போய்ப் பக்கவாட்டில் பார்த்தால், இத்தகைய தகடுகள் ஒன்றின்கீழ் ஒன்றாக, குன்றின் வளைவுக்கு இணையாகவே வளைந்து அடுக்கியிருப்பது கண்ணுக்குத் தெரியும். இவற்றைத் தகட்டுப் பிளவுகள் என்று சொல்லலாம். மேற்பரப்பை ஒட்டி நெருக்கமாக இருக்கும் இப்பிளவுகள், உள்ளே போகப் போக ஒன்றுக்கொன்று விலகி, சில பத்து மீட்டர் ஆழத்தில் பெரும்பாலும் இல்லாமலே போய்விடுகின்றன. மழைநீர் மேலுள்ள குறுக்கு விரிசல்கள் வழியாக இந்த இடைவெளிகளுக்குள் இறங்கி, அதற்குக் கீழே பிளவில்லாத பாறை தடுப்பதால் ஆழத்துக்குப் போகாமல், தகட்டின் அடியிலேயே மெல்ல ஒழுகி, எங்கே அத்தகடு அறுபட்டு வாய் திறந்திருக்கிறதோ அங்கே கசிகிறது. அந்த வாய்தான் சுனை. இடைவெளி மிகக் குறுகியதாகவும் மண் அடைந்ததாகவும் இருப்பதால் நீர் விரைந்து ஓடிவிட முடிவதில்லை. தலைக்கு மேலே கல் மூடியிருப்பதால் வெயிலும் அதைத் தொட முடிவதில்லை. சமவெளியில் நிலத்தடி நீர் எவ்வளவு கீழே போனாலும் இந்தச் சிறு சேமிப்பை அது பாதிப்பதில்லை. இரண்டுக்கும் சம்பந்தமே கிடையாது.

ஆனால் பாறை ஏன் இப்படித் தகடு தகடாகப் பிரிய வேண்டும்? அதுவும், குன்றின் வளைவை அளந்து பார்த்ததுபோல, அதற்கு இணையாகவே ஏன் பிரிய வேண்டும்?

கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலைகளில் இதே மாதிரியான வழுக்கைக் குன்றுகளை ஆராய்ந்த கில்பர்ட் என்ற அமெரிக்கப் புவியியலார், 1904-இல் ஒரு விளக்கம் சொன்னார். இந்தப் பாறைகள் பிறந்த இடம் பூமியின் மேற்பரப்பு அன்று. பல கிலோமீட்டர் ஆழம். அங்கே மேலுள்ள பாறைகளின் பெருஞ்சுமை இவற்றை எல்லாத் திசைகளிலும் அமுக்கிக்கொண்டிருந்தது. மழையும் ஆறும் காலப்போக்கில் மேலுள்ளவற்றை அரித்துக்கொண்டு போனபோது அச்சுமை நீங்கியது. சுமை நீங்கிய பாறை மேல்நோக்கி விரிந்து பிளந்தது. இதைச் சுமைநீக்கக் கொள்கை என்று சொல்லலாம். நம் பாறைகள் ஆழத்தில் பிறந்தவை என்பதற்கு அவற்றிலுள்ள கனிமங்களே சாட்சி: செம்மணிக்கல்லும் பைராக்சீனும் எந்த விகிதத்தில், எந்தச் சேர்மானத்தில் ஒன்றாக நிற்கின்றன என்பது அவை உருவான அழுத்தத்தைப் பொறுத்தது, பரிசோதனைச் சாலையில் கல்லை அழுத்திச் சூடேற்றி அதே சேர்மானத்தைத் திரும்ப உண்டாக்கிப் பார்த்து, தென்னிந்தியச் சார்னகைட்டுகளில் பல 20 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் உருவானவை என்று கண்டிருக்கிறார்கள். ஸிர்க்கான் என்னும் சிறு மணிகளுக்குள் யுரேனியம் ஈயமாக மாறியுள்ள அளவை எண்ணி, இப்பகுதிப் பாறைகளின் வயது சுமார் 250 கோடி ஆண்டுகள் என்றும் கணக்கிட்டிருக்கிறார்கள். அத்தனை கிலோமீட்டர் பாறை மேலேயிருந்து போன பிறகுதான் தியாகதுருகத்துக் குன்று வெளிச்சத்தைக் கண்டது.

கில்பர்ட்டின் விளக்கம் அழகானது. ஆயினும் அதில் ஒரு குறை உண்டு. சுமை நீங்குவதனால் அமுக்கம் குறையுமே தவிர, கல்லை இழுத்துப் பிரிக்கும் விசை ஒன்று எங்கிருந்து வரும்? அமுக்கம் இல்லாமற் போவது வேறு, இழுவை உண்டாவது வேறு. இந்தக் குறையைப் பின்னால் வந்தவர்கள், சிறப்பாக ஹவாய் பல்கலைக்கழகத்தின் மார்டெல், வேறொரு வழியில் தீர்த்தார்கள். ஒரு மூங்கில் பிளாச்சைச் சற்றே வளைத்துப் பிடித்துக்கொண்டு இரு முனைகளையும் ஒன்றையொன்று நோக்கி அழுத்துங்கள். நடுப்பகுதி வெளிப்புறமாக எழும்பும். நீங்கள் பக்கவாட்டில்தான் அழுத்துகிறீர்கள். ஆனால் வளைவு இருப்பதனால் அது மேல்நோக்கிய தள்ளலாக மாறுகிறது. குவிந்த குன்றின் மேற்பரப்பிலும் இதுவே நிகழ்கிறது. பூமியின் மேலோட்டில் இயல்பாகவே கிடைத்திசையில் ஓர் அமுக்கம் இருக்கிறது. அது வளைந்த பரப்பை ஒட்டிச் செல்லும்போது, பரப்புக்குச் சற்றுக் கீழே கல்லை வெளிநோக்கி இழுக்கும் விசையாகிறது. இழுவைக்குக் கருங்கல் மிகவும் பலவீனமானது. ஆதலால் பரப்புக்கு இணையாகப் பிளக்கிறது. குழிந்த பள்ளத்தாக்குகளைவிடக் குவிந்த குன்றுகளிலேயே தகடுகள் செழித்துக் காணப்படுவதற்கும் இதுதான் காரணம்.

கிடைத்திசை அமுக்கம் வெறும் ஊகம் அன்று. பாறையில் துளையிட்டு உள்ளே நுண்ணிய அளவுகோலைப் பொருத்தி, பிறகு அதைச் சுற்றிலும் பெரிய துளையால் வெட்டி அக்கல்லைச் சுற்றுப்புறத்திலிருந்து விடுவித்தால், அது சிறிதளவு விரிகிறது. எவ்வளவு விரிந்தது என்பதிலிருந்து எவ்வளவு அமுக்கத்தில் இருந்தது என்று கணக்கிடலாம். கோலார்த் தங்கச் சுரங்கத்தின் ஆழங்களில் பாறை வெடித்துச் சிதறிய விபத்துகள் பல நேர்ந்ததற்கும் இத்தகைய அமுக்கம் ஒரு காரணம். இந்தியா ஆண்டுக்குச் சுமார் ஐந்து சென்டிமீட்டர் வீதம் வடக்கே நகர்ந்து ஆசியாவை முட்டிக்கொண்டிருக்கிறது. இமயத்தை எழுப்பிய அந்த நெருக்கத்தின் ஒரு பங்கு தீபகற்பத்தின் பாறைகளுக்குள்ளும் இருக்கிறது. தமிழ்நாட்டுக் குன்றொன்றின் சுனைக்கும் இமயமலைக்கும் இப்படி ஓர் உறவு இருக்கக்கூடும் என்பதை முதன்முதலில் உணர்ந்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியை மறைக்க விரும்பவில்லை.

பாறை உரிவதை நேரிலேயே பார்த்தவர்களும் உண்டு. 2014-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்து வெப்பத்தில், கலிபோர்னியாவின் ட்வெயின் ஹார்ட் என்ற ஊரில் ஏரிக்கரைக் கிரானைட் குன்று ஒன்று பலர் முன்னிலையில் படீரென்று வெடித்துத் தகடுகளாக எழும்பியது. அது படமாகவும் எடுக்கப்பட்டிருக்கிறது. யோசெமிட்டி பள்ளத்தாக்கில் பாதி பிரிந்து நின்ற ஒரு பாறைத் தகட்டின் பின்னால் அளவுகருவிகளை வைத்து ஆண்டுக்கணக்கில் கவனித்த காலின்ஸ், ஸ்டாக் என்ற இருவர், பகல் வெயிலில் இடைவெளி அகன்று இரவுக் குளிரில் குறுகுவதையும், ஒருநாள் மாற்றமே ஒரு சென்டிமீட்டர்வரை போவதையும், ஒவ்வோராண்டும் அது முழுவதுமாகத் திரும்பாமல் சிறிது சிறிதாக அகன்றுகொண்டே போவதையும் கண்டு 2016-இல் வெளியிட்டார்கள். ஆழத்து அமுக்கம் தொடங்கி வைத்ததை வெயில் முடித்து வைக்கிறது.

வெயிலின் இந்த வேலையை நம் கல் வேலைக்காரர்கள் வெகு காலத்துக்கு முன்பே தீயினால் செய்துகொண்டிருந்தார்கள். பெங்களூர்ப் பக்கத்தில், மொட்டைப் பாறையின்மேல் விறகை வரிசையாக மூட்டி, அத்தீயைச் சிறிது சிறிதாக முன்னே நகர்த்திக்கொண்டே போய், சில அங்குலத் தடிமனுள்ள பெரிய பலகையை வெடிமருந்தின்றி அப்படியே அடிப்பாறையிலிருந்து கிளப்பும் முறையை வார்த் என்பவர் 1895-இல் ‘நேச்சர்’ பத்திரிகையில் விவரித்தார். பிளவு எதுவரை வந்திருக்கிறது என்பதை அவர்கள் சுத்தியலால் தட்டி, ஓசையைக் கேட்டே தெரிந்துகொண்டார்கள். பிளந்த பலகையை வேண்டிய அளவுக்கு அறுக்க, உளியால் வரிசையாகக் குழி கொத்தி அவற்றில் ஆப்பு அடிப்பார்கள். அறுபடாமல் விட்டுப்போன ஆப்புக் குழி வரிசைகளைப் பழைய மலைக்கோட்டைகளின் பாறைகளில் இன்றும் பார்க்கலாம்.

இங்கேதான், மலைக்கோட்டையைக் கட்டியவர்களின் மதிநுட்பம் எனக்கு முழுவதும் விளங்குகிறது. மதிலுக்குக் கல்லை அடிவாரத்திலிருந்து சுமந்து ஏற்றுவது பெருங்கஷ்டம். ஆனால் தகட்டுப் பிளவுகள் உள்ள இடத்தில், இயற்கையே மேல்முகத்தையும் அடிமுகத்தையும் தட்டையாக்கிக் கொடுத்திருக்கிறது. பக்கங்களை மட்டும் ஆப்பால் உடைத்தால் போதும். அங்கே கல்லை எடுத்தார்கள். எடுத்த இடம் பள்ளமாயிற்று. பள்ளத்தின் ஓரங்களில் பிளவுகள் வாய் திறந்தன. மழையும் கசிவும் அதை நிரப்பின. எடுத்த கல் மதிலாயிற்று, எடுத்த குழி குளமாயிற்று. இந்தியாவின் எத்தனையோ மலைக்கோட்டைகளில் மதிலும் குளமும் இவ்விதம் ஒரே தொழிலின் இரண்டு விளைவுகள். பகைவனைத் தடுக்கும் பொருளும் உள்ளிருப்போரை வாழ்விக்கும் பொருளும் ஒரே பிளவிலிருந்து வந்தன. கோட்டைக்கு இடம் தேர்ந்தவன் உயரத்தை மட்டும் பார்த்துத் தேர்ந்திருக்க மாட்டான். குன்று எங்கே உரிந்திருக்கிறது என்பதையும் தட்டிப் பார்த்தே தேர்ந்திருப்பான்.

செஞ்சி ராஜகிரியின் உச்சிக்குச் சற்று முன்னே இன்னொரு வகைப் பிளவைப் பார்க்கலாம். தகட்டுப் பிளவு பரப்புக்கு இணையானது, இது நெட்டுக்குத்தானது. ஏறத்தாழ 24 அடி அகலமும் 60 அடி ஆழமும் உள்ள அந்த இடுக்கு, இயற்கையான விரிசலை நீர் அரித்து அகலப்படுத்தியதால் உண்டானது. கோட்டையைக் கட்டியவர்கள் அதை மேலும் நீட்டி ஆழப்படுத்தி, அதன்மேல் எடுத்துவிடக்கூடிய மரப்பாலம் ஒன்றை மட்டும் போட்டார்கள். சில பேர் நின்றாலே ஒரு சேனையைத் தடுக்கலாம் என்று பெயர் பெற்ற இடம் அது. இத்தகைய நெட்டு விரிசல்கள் நெருக்கமாக இருந்த பகுதிகளில் நீர் ஆழமாக இறங்கிக் கல்லை மக்கச் செய்து மண்ணாக்கிக் கொண்டுபோய்விட்டது. விரிசல் அரிதாக இருந்த பகுதிகள் மட்டும் குன்றுகளாக மிஞ்சின. 1900-ஆம் ஆண்டு வாக்கில் கிழக்கு ஆப்பிரிக்காவில் இத்தகைய தனிக்குன்றுகளைக் கண்ட போர்ன்ஹார்ட் என்ற ஜெர்மானியர் அவற்றுக்குத் தீவு மலைகள் என்று பெயர் வைத்தார். அவை எவ்வளவு மெதுவாகத் தேய்கின்றன என்பதையும் அளந்திருக்கிறார்கள். விண்வெளியிலிருந்து வரும் கதிர்கள் பாறையின் மேல்தோலில் பெரிலியம்-10 போன்ற அபூர்வ அணுக்களை உண்டாக்குகின்றன. தோல் விரைவாக உரிந்தால் அவை சேர முடியாது, மெதுவாக உரிந்தால் மிகுதியாகச் சேரும். அவற்றை எண்ணிப் பார்த்ததில், ஆஸ்திரேலியாவின் அயர் தீபகற்பத்துக் குன்றுகளின் உச்சி பத்து லட்சம் ஆண்டுகளில் ஒரு மீட்டர்கூடத் தேய்வதில்லை என்று தெரிந்தது. நம் குன்றுகள் மழை மிகுந்த நாட்டில் இருப்பதால் சற்று விரைவாகத் தேயலாம். ஆயினும் கோட்டை கட்டப்பட்ட சில நூற்றாண்டுகள் அந்தக் காலக்கணக்கில் ஒரு பொருட்டே அல்ல. முதற் சிப்பாய் மொண்ட சுனையும் இன்றுள்ள சுனையும் ஒரே பிளவின் வாய்தான்.

ஒரு குளத்து நீர் மேலேயிருந்து விழுந்த மழையா, பிளவிலிருந்து கசிந்ததா என்பதைக் கண்டறியவும் வழி இருக்கிறது. ஆக்சிஜன் அணுக்களில் பெரும்பாலானவை 16 என்ற எடையும், மிகச் சில 18 என்ற எடையும் உள்ளவை. வெயிலில் நீர் ஆவியாகும்போது இலேசானவை முந்திக்கொண்டு பறந்துவிட, கனமானவை பின்தங்குகின்றன. ஆகவே திறந்த குளத்தில் நீண்ட நாள் நின்ற நீரில் கன ஆக்சிஜனின் பங்கு ஏறியிருக்கும். கல்லுக்குள் வெயில் படாமல் தங்கியிருந்து அண்மையில் கசிந்த நீரில் அது மழைநீரின் அளவிலேயே இருக்கும். ஒவ்வொரு குளத்திலிருந்தும் ஒரு சிறு சீசா நீரை வைகாசியில் எடுத்துச் சோதித்தாலே, எது தொட்டி, எது சுனை என்று பிரித்துச் சொல்லிவிடலாம். நம் கல்லூரி மாணவர்கள் மேற்கொள்ளத்தக்க ஆராய்ச்சி இது, செலவும் அதிகமில்லை.

செஞ்சிக் கோட்டை 2025-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், மராட்டியரின் இராணுவக் கோட்டைகள் பன்னிரண்டில் ஒன்றாக, தமிழ்நாட்டில் உள்ள ஒரே ஒன்றாக, யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னப் பட்டியலில் இடம்பெற்றது. தியாகதுருகத்துக்கு அந்தப் பெருமை கிடைக்கவில்லை. ஆனால் அதன் பாறைக்கும் அதே அக்கறை வேண்டும். கருங்கல் குவாரிக்காகப் பக்கத்தில் வெடி வைத்தால், அந்த அதிர்ச்சியில் தகட்டுக்கும் அடிப்பாறைக்கும் இடையிலுள்ள குறுகிய வாய்கள் அகன்றும், புதிய விரிசல்கள் கீழ்நோக்கித் திறந்தும், நூற்றாண்டுகளாகத் தங்கிய நீர் ஒரே பருவத்தில் வடிந்துபோகக்கூடும். தூர் வாருவதிலும் இதே எச்சரிக்கை வேண்டும். பழைய குளத்தில் மேலே படிந்த சேற்றையும் இலைக்குப்பையையும் அள்ளுவது நல்லது; அடியில் பாறையோடு ஒட்டிப் பிசின்போல் படிந்திருக்கும் களிமண்ணைச் சுரண்டுவதும், அழகுக்காகப் பக்கப்பாறையைக் கொத்திச் சிமெண்டு பூசுவதும் தீங்கு. அந்தக் களிமண்தான் நீர் தப்பிப்போகும் நூலிழைப் பிளவுகளை அடைத்துக்கொண்டிருக்கிறது. சிமெண்டோ நீர் வரும் வாயையே அடைத்துவிடும். ஆகவே மண்வெட்டியை எடுப்பதற்கு முன், கோடையில் நீர் மிகவும் தாழ்ந்திருக்கும் ஒரு வாரத்தில், பாறையின் எந்த விளிம்பு ஈரமாக இருக்கிறது என்று பார்த்துச் சுண்ணாம்பால் அடையாளம் இட்டுவைத்து, அந்த அடையாளத்துக்கு ஒரு முழம் இப்புறமும் அப்புறமும் எவ்விதக் கருவியும் படாமல் வேலை செய்வதே முறை.